இத்தாலிய வினைச்சொல்லில் அழுத்தம் தவறுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

பலெர்மோவில் பல்லரொ சந்தைக்கு மீன் வாங்கப் போன ஒரு தங்கை, மீன்காரர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு "ஒ காபிதொ" என்றார். 'புரிந்தது' என்று சொல்ல நினைத்தார். வாயில் வந்ததோ 'நான் எதேச்சையாக வந்து சேர்கிறேன்' என்பதற்கான சொல். மீன்காரர் சிரிக்கவில்லை. சாளையைத் தாளில் சுற்றிக்கொண்டே "கபீதொ" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு மிச்சக் காசை நீட்டினார். சந்தையின் பெயரிலேயே அழுத்தம் கடைசி அசையில்தான் இருக்கிறது: பல்-ல-ரொ.

மாலை நேரத்தில் என் சமையலறை மேசையில் இத்தாலியன் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இதே ஏழெட்டுப் பிழைகளோடுதான் வருகிறார்கள். அதனால் அறிகுறிவாரியாக எழுதி வைத்துவிட்டேன். உங்கள் பிழை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

## தொடங்கும் முன்: உங்கள் நோட்டைச் சோதியுங்கள்

பாதிப் பிழை வாயில் இல்லை, நோட்டில் இருக்கிறது. தமிழில் எந்தச் சொல்லும் குறில் ஒகரத்தில் முடிவதில்லை. அதனால் 'நான் பேசுகிறேன்' என்பதை எல்லாரும் 'பார்லோ' என்று எழுதிக்கொள்கிறார்கள். எழுதியபடியே கடைசி ஓகாரத்தை இழுத்தும் படிக்கிறார்கள். இத்தாலியன் காது அதை வேறு சொல்லாகக் கேட்கிறது.

ஆகவே கண்ணுக்கு உறுத்தினாலும் சொல்லின் கடைசி உயிரை எப்போதும் குறிலாக எழுதுங்கள்: **பர்**-லொ. கீழே எல்லாம் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அசை பிரித்து எழுதிய சொல்லில் நெடில் இருந்தால் அழுத்தம் அதில், நெடில் இல்லாவிட்டால் தடித்த அசையில். அழுத்தமான அசை உயிரில் முடிந்து, அது கடைசி அசையாகவும் இல்லாவிட்டால் நெடில். ஒற்றில் முடிந்தால் நீட்ட வேண்டாம், அழுத்தினால் போதும். மற்ற அசைகளெல்லாம் குறில். 'ச' எல்லா இடத்திலும் 'பச்சை'யின் ச. த, ப, க எங்கே கனத்து ஒலிக்கும், எங்கே மெலிந்து ஒலிக்கும் என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது. அதை இத்தாலிய எழுத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பள்ளியில் யாப்பு படித்த கை 'கபி' என்பதை நிரையசை என்று ஒன்றாகச் சேர்த்துவிடும். இங்கே அது கூடாது. ஓர் உயிர், ஓர் அசை: க-பி-தொ, மூன்று.

## அறிகுறி 1: 'அவர்கள்' வடிவம் சொன்னால் எதிரே நிற்பவர் புருவத்தைச் சுருக்குகிறார்

அதிகம் வரும் பிழை இதுதான். 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பது **பர்**-ல-னொ. நாம் சொல்வது பர்-லா-னொ.

### காரணம் அ: ஈற்றயல் பழக்கம்

இத்தாலியனில் மிகப் பல சொற்களுக்கு அழுத்தம் கடைசிக்கு முந்தின அசையில் வரும். அந்த வகைக்கு ப்யானா என்று பெயர். முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொண்டு எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம்.

சோதனை: முதலில் 'நான்' வடிவத்தைச் சொல்லுங்கள். **பர்**-லொ. எந்த அசையை அழுத்தினீர்களோ அதை விடாமல் பிடித்துக்கொண்டு, 'அவர்கள்' வடிவத்தைச் சொல்லுங்கள். **பர்**-ல-னொ. நிகழ்காலத்தில் நானும் அவர்களும் ஒரே அசையில்தான் நிற்பார்கள்.

### காரணம் ஆ: ஒற்றை ன, இரட்டை ன்ன

தமிழ்க் காதுக்கு இது சர்க்கரைப் பொங்கல். 'அவர்கள்' வடிவம் ஒற்றை 'ன'வில் முடிந்தால் அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில், அல்லது அதற்கும் முன்னால். 'ன்ன' என்று இரட்டித்தால் ஈற்றயலில்.

ஒற்றை: பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது பர்-லா-வ-னொ, பேசினார்கள் என்பது பர்-லா-ரொ-னொ.
இரட்டை: பேசுவார்கள் என்பது பர்-லெ-**ரன்**-னொ. வைத்திருக்கிறார்கள் **அன்**-னொ, செய்கிறார்கள் **ஃபன்**-னொ, போகிறார்கள் **வன்**-னொ.

இதற்கு அடங்காதது ஸோ-னொ, 'இருக்கிறார்கள்'. இரண்டே அசை, மூன்றாவதுக்கு அது எங்கே போகும்? 'ரொ'வில் முடிகிற வடிவங்களும் ஒற்றை 'ன' மாதிரியே நடக்கும்: பர்-**லஸ்**-ஸெ-ரொ, பர்-லெ-**ரெப்**-பெ-ரொ.

பாடப்புத்தகங்கள் இதை ஏன் முதல் பக்கத்தில் போடுவதில்லை என்று எனக்குப் புரியவேயில்லை. தகரத்துக்கும் த்தகரத்துக்கும் வேறுபாடு கேட்டு வளர்ந்த நமக்கு, ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களைவிட இது பாதி வேலை.

### காரணம் இ: 'நான்' வடிவமே தெரியாது

நீண்ட வினைகளில் இங்கேதான் மாட்டும். 'வசிக்கிறேன்' ஆ-பி-தொ. எனவே வசிக்கிறார்கள் ஆ-பி-த-னொ, கடைசியிலிருந்து நான்காவது. 'தொலைபேசியில் அழைக்கிறேன்' தெ-லே-ஃபொ-னொ, அவர்கள் தெ-லே-ஃபொ-ன-னொ. ஆனால் 'வேலை செய்கிறேன்' ல-வோ-ரொ, 'முன்பதிவு செய்கிறேன்' ப்ரெ-னோ-தொ. நான்கும் ஆரெ ஈற்று வினைகள். ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்க முடியாது.

இதற்கு ஊகம் வேண்டாம், அகராதி போதும். நல்ல இத்தாலிய அகராதியில் வினையின் தலைச்சொல்லுக்குப் பக்கத்திலேயே 'நான்' வடிவத்தை அழுத்தக் குறியோடு போட்டிருப்பார்கள். திரெக்கானி என்ற அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. புது வினை ஒன்றைப் படிக்கும்போதே அந்த ஒரு வடிவத்தையும் நோட்டில் சேர்த்து எழுதுங்கள். அடிக்கடி கேட்கிறவை: இம்-மா-ஜி-னொ (கற்பனை செய்கிறேன்), தெ-ஸீ-தெ-ரொ (விரும்புகிறேன்), தி-**மென்**-தி-கொ (மறக்கிறேன்), **ஒர்**-தி-னொ (ஆர்டர் செய்கிறேன்).

'முடிக்கிறேன்' மாதிரி நடுவில் 'ஸ்க்' நுழைகிற வினைகளில் தொல்லை இல்லை. அழுத்தம் எப்போதும் அந்த 'ஸ்க்'குக்கு முந்தின உயிரில்: ஃபி-**னி**-ஸ்கொ, ஃபி-**னி**-ஸ்கொ-னொ (காதுக்கு அது 'னிஸ்' என்று ஒற்றில் முடிவதால் நீட்டவில்லை).

## அறிகுறி 2: எரெ என்று முடிகிற வினையில் ஒவ்வொரு தடவையும் சூதாட்டம்

ஆரெ, ஈரெ என்று முடிகிற வினைகளின் மூல வடிவத்தில் சந்தேகமே வேண்டாம், அழுத்தம் ஈற்றயல்: பர்-லா-ரெ, ஃபி-னீ-ரெ. சிக்கல் எரெ கூட்டத்தில் மட்டும்தான். அதற்குள் இரண்டு சாதி.

### காரணம் அ: எல்லாவற்றையும் 'வெதேரெ' மாதிரி சொல்வது

முதலில் படிக்கிற எரெ வினைகள் இவை: அ-வே-ரெ (உடைத்தாயிருக்க), வெ-தே-ரெ (பார்க்க), பொ-தே-ரெ (முடிய), தொ-வே-ரெ (வேண்டியிருக்க), வொ-லே-ரெ (விரும்ப), ஸ-பே-ரெ (அறிய). அன்றாடம் புழங்குவதால் இதுவே வழக்கம் என்று நினைத்துவிடுகிறோம். பழைய இலக்கண நூல்களும் இரண்டாம் வகை வினைக்கு மாதிரியாக தெ-மே-ரெ, 'அஞ்ச', என்பதையே காட்டுகின்றன. ஆனால் எண்ணிக்கையில் பெரிய கூட்டம் மற்றது: ஸ்க்ரீ-வெ-ரெ (எழுத), **லெஜ்**-ஜெ-ரெ (வாசிக்க), **ப்ரென்**-தெ-ரெ (எடுக்க), **மெத்**-தெ-ரெ (வைக்க), க்யூ-தெ-ரெ (மூட), க்ரே-தெ-ரெ (நம்ப), **பெர்**-தெ-ரெ (இழக்க), வீ-வெ-ரெ (வாழ). இந்த வகைக்கு ஸ்த்ருச்சொலா என்று பெயர். சொல்லும்போதே நாக்கு வழுக்குகிறதா? அதன் பொருளும் வழுக்குவதுதான்.

தீர்வு எளிது: சிறிய கூட்டத்தை மனப்பாடம் செய்துவிட்டு மற்றதையெல்லாம் முன்னால் தள்ளுங்கள். மேலே சொன்ன ஆறோடும் தெ-மே-ரெ ஒன்றோடும் க-தே-ரெ (விழ), தெ-னே-ரெ (பிடித்திருக்க), ரி-ம-னே-ரெ (தங்க), ஸெ-தே-ரெ (உட்கார), ப்ய-சே-ரெ (பிடிக்க), த-சே-ரெ (பேசாதிருக்க), வ-லே-ரெ (மதிப்புற), கொ-தே-ரெ (அனுபவிக்க) சேர்த்தால் அன்றாட வாழ்க்கைக்குப் போதும்.

### காரணம் ஆ: பட்டியலில் இல்லாத வினை

எதிர்காலத்தைச் சொல்லிப் பாருங்கள். நடுவில் உள்ள எகரம் விழுந்தால் பெரும்பாலும் 'வெதேரெ' சாதி: வெ-**த்ரொ** (பார்ப்பேன்), பொ-**த்ரொ**, ஸ-**ப்ரொ**. விழாமல் நின்றால் பெரும்பாலும் மற்றது: ஸ்க்ரி-வெ-**ரொ** (எழுதுவேன்). இரண்டு பக்கமும் ஓட்டை உண்டு. 'வாழ்வேன்' எகரத்தை விழுங்கி வி-**வ்ரொ** ஆகிறது, 'அஞ்சுவேன்' விழுங்காமல் தெ-மெ-**ரொ** ஆகிறது. ஆகவே இது கடையில் நிற்கும்போது உதவும், தேர்வில் அகராதிதான்.

## அறிகுறி 3: 'அவர் பேசினார்' என்றால் 'நான் பேசுகிறேன்' என்று புரிந்துகொள்கிறார்கள்

### காரணம் அ: எழுத்தில் குறி விட்டுப்போனது

**பர்**-லொ நான் பேசுகிறேன். பர்-**லொ** அவர் பேசினார். எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு கடைசி உயிரின் தலைமேல் உள்ள சாய்கோடு மட்டும். கடைசி அசையில் அழுத்தம் விழுகிற பல அசைச் சொல்லுக்கு அந்தக் கோடு கட்டாயம். விட்டால் எழுத்துப்பிழை. போனில் அந்த உயிரெழுத்தை அழுத்திப் பிடித்தால் கோடு போட்ட வடிவங்கள் வரும். பேசும்போது சரி, வாட்ஸாப்பில் மட்டும் குழப்பம் என்றால் காரணம் இதுதான், மேலே படிக்க வேண்டாம்.

### காரணம் ஆ: கடைசி உயிரை இழுப்பது

அழுத்தம் கடைசியில் என்றவுடன் 'பர்லோஓ' என்று இழுக்கிறார்கள். இத்தாலியன் ஈற்றுயிர் அழுத்தமாக இருந்தாலும் குட்டைதான். சுவரில் பந்து பட்டதுபோல் வெட்டென்று நிற்க வேண்டும்.

### காரணம் இ: அடுத்த சொல் இரட்டிப்பதைக் கவனிக்காதது

இதை விளக்கும்போதுதான் மேசையில் எல்லார் முகமும் மலரும். 'அந்த' பக்கத்தில் 'பையன்' வந்தால் 'அந்தப் பையன்' என்கிறோம் அல்லவா? இத்தாலியனிலும் வலி மிகும். அங்கே வல்லினம் மட்டுமல்ல, மற்ற மெய்களும் மிகும். கடைசியில் அழுத்தம் உள்ள சொல்லுக்கு அடுத்து வரும் மெய் இரட்டிக்கும்: 'நன்றாகப் பேசினார்' பர்-**லொப்** பே-னெ, 'உண்மையாக இருக்கும்' ஸ-**ரவ்** வே-ரொ. எழுத்தில் காட்ட மாட்டார்கள், வாயில் வரும். ரோம், தஸ்கனி, தெற்கு, சிசிலி எங்கும் கேட்கலாம். வடக்கே பொதுவாகக் கேட்காது. மிலானில் வேலை என்றால் இதைப் பழகாவிட்டாலும் ஒன்றும் குறைந்துபோகாது.

எழுத்தில் காட்டும் இடமும் ஒன்று உண்டு. 'கொடு' என்ற ஏவலோடு 'எனக்கு' ஒட்டினால் **தம்**-மி. 'செய்' என்பதோடு 'அதை' ஒட்டினால் **ஃபல்**-லொ. அந்த இரட்டை மெய்யை விட்டு எழுதினால் பிழை.

## அறிகுறி 4: அசை எண்ணிக்கை கூடுகிறது அல்லது குறைகிறது

"அண்ணை, உயிரை எண்ணினால் நாலு வருது, புத்தகத்தில மூன்றுதான் இருக்கு" என்பது வாரம் ஒரு தடவை வரும் கேள்வி. குற்றவாளி பெரும்பாலும் இகரம்.

முதலில் பாருங்கள்: அந்த இகரம் ஒலிக்கிறதா? 'அவர் சாப்பிடுகிறார்' **மன்**-ஜ. எழுத்தில் இகரம் இருக்கிறது, ஆனால் அது முன்னால் உள்ள எழுத்தை 'ஜ' என்று படி என்று சொல்லும் அடையாளம் மட்டும். எண்ணக் கூடாது.

ஒலிக்கிறது என்றால், அழுத்தம் அதன்மேல் இருக்கிறதா? இல்லையென்றால் அது நம் குற்றியலிகரம் போல் அடுத்த உயிரோடு கரைந்துவிடும்: 'படிக்கிறேன்' ஸ்தூ-த்யொ, இரண்டு அசை. 'படிக்கிறார்கள்' ஸ்தூ-த்ய-னொ, மூன்று. அழுத்தம் இகரத்தின் மேலேயே விழுந்தால் அது தனியாக நிற்கும்: 'அனுப்புகிறேன்' இன்-வீ-ஒ, மூன்று. 'அனுப்புகிறார்கள்' இன்-வீ-அ-னொ, நான்கு.

இதைச் சரியாகப் பிடித்துவிட்டால் எழுத்துப்பிழை ஒன்றும் கூடவே போய்விடும். 'நீ படிக்கிறாய்' ஒரே இகரத்தோடு ஸ்தூ-தி. 'நீ அனுப்புகிறாய்' இரண்டு இகரத்தோடு இன்-வீ-இ. எத்தனை இகரம் எழுதுவது என்று தடுமாறினால் 'நான்' வடிவத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

## அறிகுறி 5: 'நாங்கள்' என்றால் எதிர்காலமா நிபந்தனையா என்று கேட்கிறார்கள்

ஒரே காரணம், ஒற்று. 'பேசுவோம்' பர்-லெ-ரே-மொ. 'பேசுவோம்தான், ஆனால்...' என்று இழுக்கிற நிபந்தனை பர்-லெ-**ரெம்**-மொ. முன்னதில் நெடில், பின்னதில் குறிலும் இரட்டை மகரமும். 'நாமம்', 'நம்மம்' என்று மாறி மாறிச் சொல்லி வாயைப் பழக்கிவிட்டுத் திரும்பச் சொல்லுங்கள்.

'நாங்கள்' வடிவங்கள் மற்றபடி சாது. எல்லாம் ஈற்றயல். 'பேசிக்கொண்டிருந்தோம்' கூட பர்-ல-வா-மொ. 'ஸ்ஸிமொ' என்று முடிகிற ஒன்று மட்டும் முன்னால் தாவும்: பர்-**லஸ்**-ஸி-மொ.

## அறிகுறி 6: 'எனக்கு', 'அதை' ஒட்டினதும் சொல் கவிழ்கிறது

காரணம்: சொல் நீண்டதால் அழுத்தத்தையும் பின்னால் இழுத்துக்கொண்டு போவது. வினை தனியாக நின்றபோது எந்த அசையோ அதேதான், பின்னால் எத்தனை பெட்டி கோத்தாலும். 'எனக்கு எழுது' ஸ்க்ரீ-வி-மி. 'எனக்குப் போன் பண்ணு' தெ-லே-ஃபொ-ன-மி. 'அதை எனக்கு அனுப்பு' **மன்**-த-மெ-லொ. 'அதை எனக்கு ஆர்டர் பண்ணு' **ஒர்**-தி-ன-மெ-லொ, கடைசியிலிருந்து ஐந்தாவது. மூச்சு வாங்கினால் முதல் அசையை மட்டும் அழுத்திவிட்டு மற்ற நான்கையும் படிக்கட்டில் உருளவிடுவதுபோல் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி 7: கையெழுத்துத் தாளில் வரி முடிவில் உடைத்த சொல்லுக்குச் சிவப்புக் கோடு

இது காதின் பிழை இல்லை, எழுத்து மரபு தெரியாத பிழை.

காது 'கபிஸ்-கொ' என்று பிரிக்கும். மரபு க-**பி**-ஸ்கொ என்று பிரிக்கும். ஸகரத்துக்குப் பின் வேறு மெய் வந்தால் இரண்டும் சேர்ந்து அடுத்த வரிக்குப் போக வேண்டும். இதில்தான் மதிப்பெண் அதிகம் போகிறது. மெய்யோடு ரகரமோ லகரமோ பின்னால் ஒட்டினாலும் உடைக்கக் கூடாது: அ-ப்ரீ-ரெ (திறக்க), கொம்-ப்ரா-ரெ (வாங்க). 'கனவு காண' ஸொ-ஞா-ரெ என்பதில் ஞகரத்தை இரண்டு எழுத்தால் எழுதுகிறார்கள், அதை நடுவில் வெட்டாதீர்கள். இரட்டை மெய்யை நடுவில் வெட்டலாம், வெட்டவும் வேண்டும். ர, ல, ம, ன முன்னால் நின்று வேறு மெய் பின்னால் வந்தாலும் அப்படியே, பர்-லா-ரெ போல.

கணினியில் தட்டச்சு செய்த ஆவணம் தப்பாக உடைத்தால், முதலில் ஆவணத்தின் மொழி இத்தாலியன் என்று அமைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

படிப்படியாகப் போங்கள், முதல் இரண்டு படிக்குக் காசு வேண்டாம்.

ஒரே சொல் திரும்பத் திரும்ப மாட்டினால் அகராதி. அகராதியும் பக்கத்து வீட்டுக்காரரும் வேறு வேறு சொன்னால், இத்தாலிய அரசு வானொலி தொலைக்காட்சி நிறுவனமான ராய் வெளியிட்ட எழுத்து, உச்சரிப்பு அகராதியை இணையத்தில் பாருங்கள். 1969இல் முதலில் அச்சில் வந்தது, அறிவிப்பாளர்களுக்கே அதுதான் துணை. சில வினைகளில் இத்தாலியர்களே ஒத்துப்போவதில்லை. 'ஆவியாகிறது' என்பதற்கு மரபான அழுத்தம் எ-வ-போ-ர. தெருவில் கேட்பது பெரும்பாலும் எ-வா-பொ-ர. அதைத் தெருவில் சொல்கிறபடியே சொல்லிவிட்டுப் போங்கள், யாரும் திருத்த மாட்டார்கள்.

எகர ஒகரங்களைத் திறந்து சொல்வதா மூடிச் சொல்வதா என்ற கவலையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். அது ஊருக்கு ஊர் மாறும். அதற்காக ஆசிரியருக்குப் பணம் கொடுப்பது வீண்.

ஆசிரியர் தேவைப்படும் இடம் வேறு. அழுத்தம் எங்கே என்று தெரிந்தும், நிதானமாகச் சொன்னால் சரியாக வந்தும், பேச்சு வேகத்தில் இரண்டு மாதமாகத் தவறிக்கொண்டே இருந்தால் கூப்பிடுங்கள். குடியுரிமைக்கு பி1 நிலை இத்தாலிய மொழிச் சான்று 2018இலிருந்து கட்டாயமாகியிருக்கிறது. அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதி நெருங்கிவிட்டால் இரண்டு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். வகுப்புக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். போனில் இரண்டு நிமிடம் உங்கள் அன்றைய நாளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்யுங்கள், தவறிய வினைகளைப் பத்து வரியில் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'நான்' வடிவத்தையும் போடுங்கள். முதல் மணிக்கூலியை உங்கள் பிழை எது என்று கண்டுபிடிப்பதற்கே ஆசிரியர் எடுத்துக்கொள்ளாமல் இருப்பார்.